மானியக் கூட்டத்தில் ஒரு ‘பரவாயில்லை’

எங்கள் பெண்கள் சங்கத்துக்கு என்னைச் செயலாளர் ஆக்கியதற்கு ஒரே காரணம் என் வாய்தான். படிப்பு, அனுபவம், நல்ல குணம் எல்லாம் உள்ளவர்கள் சங்கத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். ஆனால் டெலிபோன் கம்பனியோடு சண்டை பிடிக்கவும், பள்ளிக்கூடத்துக்குப் போய் நியாயம் கேட்கவும், வாடகை வீட்டுச் சொந்தக்காரனிடம் குழாய் ஒழுகுகிறது என்று முகத்துக்கு நேரே சொல்லவும் அவர்களுக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது. தொண்ணூறுகளின் நடுவில் ஆக்லாந்தில் நம்மவர்கள் அவ்வளவு பேர் இல்லை. உள்ளவர்களுக்குள் வாய்க்காரி நான் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. நானும் அதை ஒரு பட்டமாகவே எடுத்துக்கொண்டேன்.

பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான பழைய மரவீடு ஆளில்லாமல் கிடந்தது. அதைக் குறைந்த வாடகைக்கு எங்கள் சங்கத்துக்குத் தந்தார்கள். புதிதாக வந்து இறங்கும் குடும்பங்கள் சொந்தமாக ஒரு இடம் பார்க்கும்வரை அங்கே தங்கலாம். ஒரே நிபந்தனை, திருத்த வேலை எங்கள் பொறுப்பு. திருத்த வேலை என்றால் என்ன என்பதைக் கையெழுத்துப் போட்ட பிறகு மழை வந்துதான் எங்களுக்கு விளக்கியது. தரைப் பலகைக்குக் கீழே மண் எந்நேரமும் ஈரம். பின்னறைச் சுவர் கறுத்துப் பூஞ்சணம் பிடித்திருந்தது. வெள்ளிக்கிழமை தேய்த்துக் கழுவினால் திங்கட்கிழமை திரும்பவும் வந்துவிடும்.

அந்த வருடம் அங்கே இருந்தது அகதியாக வந்த ஒரு இளம் தாயும் அவளுடைய மூன்று வயது மகளும். புருஷன் கொழும்பில் விசாவுக்காகக் காத்திருந்தான். குழந்தைக்கு நெஞ்சில் இழுப்பு. இந்தக் குளிர்காலத்தையும் இதே அறையில் கழித்தால் பிள்ளையை ஆஸ்பத்திரியில்தான் பார்க்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேறு இடத்துக்கு அனுப்பலாம் என்றால் இடம் இல்லை. என் வீட்டு ஹோலிலேயே ஏற்கெனவே இரண்டு பேர் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். குளிர் தொடங்குவதற்கு முன் அந்த வீட்டுத் தரையையும் சுவரையும் சரிசெய்தாக வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பணம் கிடைக்கும் இடம் ஒன்று இருந்தது. வெலிங்டனில் இருக்கும் அரசாங்கம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் சமூக வேலைகளுக்கென்று ஒரு தொகை ஒதுக்கும். அதை எந்தச் சங்கத்துக்கு எவ்வளவு கொடுப்பது என்பதை வட்டாரத்திலேயே கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். விண்ணப்பப் படிவத்தை நானும் எங்கள் பொருளாளரும் சேர்ந்து நிரப்பினோம். பொருளாளர் திருச்சிக்காரி, ஆஸ்பத்திரி லேபில் வேலை, எதற்கும் அசராத பெண். “இந்தத் திட்டம் வெற்றி பெற்றதை எப்படி அளப்பீர்கள்?” என்று ஒரு கேள்வி இருந்தது.

“கொழந்தை ஒழுங்கா மூச்சு விட்டா வெற்றின்னு எழுதுங்கக்கா” என்றாள் அவள்.

நான் அதை இரண்டு பக்கத்துக்கு எழுதினேன். எங்கள் நிர்வாக அமைப்பைப் படமாக வரையச் சொல்லியும் கேட்டிருந்தார்கள். சங்கத்தில் பதினொரு பேர், பதினொரு பேரும் ஏதாவது ஒரு பதவியில் இருந்தார்கள். அம்புக்குறிகள் எல்லாம் மேலேயே போய் முட்டின, கீழே ஒரு உறுப்பினர்கூட இல்லை. கடைசியில் படத்தின் அடியில் குழந்தையைப் போட்டோம்.

கூட்டத்துக்கு முதல் நாள் வீட்டில் ஒத்திகை நடந்தது. என் கணவர் சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, கூட்டத்தை நடத்துபவராக நடித்தார்.

“உங்களுக்கு ஏன் இந்தக் காசு வேணும்?”

நான் பேசினேன். தரையில் தொடங்கி, சுவருக்கு ஏறி, மனித உரிமை வரைக்கும் போனேன்.

“ஐயோ, காணும். வீட்டையே எழுதித் தாறன்” என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். அன்றைக்கு நான் நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை காலை, ஒரு சமூக மண்டபம். பொருளாளரையும் அந்தத் தாயையும் குழந்தையையும் என் காரில் ஏற்றிக்கொண்டு போனேன். நிலைமையைப் பேச்சில் மட்டும் சொன்னால் போதாது, ஆளையும் காட்ட வேண்டும் என்பது என் திட்டம். மண்டபத்துக்குப் போனவுடனேயே குழந்தை ஒரு பிஸ்கட்டைக் கையில் பிடித்தபடி தூங்கிவிட்டது.

நான் நினைத்து வந்தது நீதிமன்றம் மாதிரி ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். அங்கே மேசையே இல்லை. எல்லாச் சங்கத்துக்காரர்களும் வட்டமாகக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் ஒரு பெரிய தாள் ஒட்டி, கேட்டவர்கள் பெயரையும் கேட்ட தொகையையும் வரிசையாக எழுதியிருந்தார்கள். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி தடித்த பேனாவோடு நின்றார். அவர் சொன்னது இதுதான்: இருக்கும் பணம் கேட்டதில் பாதிக்கும் காணாது. ஆகவே தீர்ப்புச் சொல்லப்போவது நான் இல்லை, நீங்கள்தான். ஒவ்வொருவராக, எதைக் குறைத்துக்கொள்ள முடியும் என்று சொல்லுங்கள்.

பாருங்கள், சண்டை பிடிக்க வந்தவளுக்குச் சண்டை பிடிக்க ஆளே இல்லை.

முதலில் பொம்மைகளை இரவல் கொடுக்கும் நூலகத்துக்காரி எழுந்து, பொம்மை அடுக்கும் புதுத் தட்டுகள் இல்லாமல் பழையதைச் சமாளிக்கலாம் என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். பிறகு புல்தரையில் பந்து உருட்டி விளையாடும் முதியோர் கிளப்பின் கிழவர். புது மெஷினுக்குப் பதிலாகப் பழைய புல்வெட்டும் மெஷின் ஒன்று வாங்கிக்கொள்கிறோம் என்றார். இன்னும் பலமாகக் கை தட்டினார்கள். அடுத்தது நாங்கள். அந்தப் பெண்மணி என்னைப் பார்த்து, மிகவும் அன்பாக, “உங்களால் எதைக் குறைக்க முடியும்?” என்று கேட்டார்.

எனக்குள் என்ன புகுந்தது என்று இன்றைக்கும் தெரியாது. நாற்பது பேர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கிழவர்கூட விட்டுக்கொடுத்துவிட்டார். என் வாய் திறந்தது. “பரவாயில்லை. மற்றவர்களுக்குக் கொடுங்கள். வீ கேன் மேனேஜ்.”

இதை நம்மவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. யார் வீட்டுக்குப் போனாலும் சாப்பிடச் சொன்னால், பசியில் வயிறு இரைந்துகொண்டிருந்தாலும் முதலில் வேண்டாம் என்போம். அவர்கள் வற்புறுத்துவார்கள். இப்போதுதான் சாப்பிட்டேன் என்று ஒரு பொய் சொல்லுவோம். அவர்கள் கோபிப்பார்கள். மூன்றாம் முறை, அவர்களுடைய மனம் நோகக்கூடாதே என்று உட்கார்ந்து, மூன்று பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவோம். நான் சொன்னது அந்த முதல் ‘வேண்டாம்’. பக்கத்தில் இருந்த பொருளாளருக்கு அது உடனே விளங்கிவிட்டது.

“நல்லா சொன்னீங்கக்கா. இப்பக் கெஞ்சுவாங்க பாருங்க” என்று காதுக்குள் சொன்னாள்.

அந்தப் பெண்மணி நெஞ்சில் கை வைத்தார். “எவ்வளவு பெருந்தன்மை” என்றார். திரும்பி, தடித்த பேனாவால் எங்கள் பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். மண்டபம் அதிரக் கை தட்டினார்கள். நான் சிரித்துக்கொண்டு தலையாட்டினேன், வேறு என்ன செய்வது?

கூட்டம் எங்களைக் கடந்து போனது. பொருளாளர் என் முழங்கையைச் சுரண்டினாள். “என்னக்கா, கெஞ்சவே இல்ல?”

“ரெண்டாம் சுற்று இருக்கும். பொறும்.”

ஒரு பாலர் பள்ளிக்கு எங்கள் பணத்தில் கொஞ்சம் போனது. பொம்மை நூலகத்துக்குத் தட்டுகள் திரும்ப வந்தன. கிழவருக்குப் புது மெஷினே கிடைத்தது. மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு பின்னால் இருந்த அந்தத் தாய் மெல்ல என் தோளைத் தொட்டாள். அவளுக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான் வரும், ஆனால் கோடு எந்தப் பெயரில் விழுந்தது என்று பார்க்க ஆங்கிலம் வேண்டாம்.

“அக்கா, ஏன் எங்கட பேரை வெட்டிப்போட்டா?”

“அது ஒண்டுமில்லை. நான் ஒரு மரியாதைக்கு வேண்டாமெண்டு சொன்னனான்.”

“அப்ப திருப்பிக் கேப்பினமோ?”

“ஓம், கேப்பினம்.”

“எப்ப?”

அந்தப் பெண்மணி பேனாவை மூடினார். எல்லோருக்கும் நன்றி சொன்னார். பின்னால் யாரோ கதிரைகளை அடுக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு எழும்பிச் சொல்ல வேண்டும் என்று தெரிகிறது, எழும்ப முடியவில்லை. ஊருக்கெல்லாம் சண்டை பிடித்த வாய் பசை போட்டு ஒட்டிய மாதிரி இருந்தது.

அவள் எழும்பினாள். தூங்கும் குழந்தையை இடுப்பில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வட்டத்துக்கு நடுவால் நேரே நடந்துபோய், அந்தத் தாளில் கோடு விழுந்த இடத்தில் விரலை வைத்தாள்.

“எக்ஸ்கியூஸ் மீ. வீ வாண்ட்” என்றாள். “ஹவுஸ் வெட். பேபி சிக். ப்ளீஸ். வீ வாண்ட்.”

கதிரை அடுக்கும் சத்தம் நின்றது. அந்தப் பெண்மணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “உங்கள் செயலாளர் சமாளிக்கலாம் என்றாரே?” நாற்பது தலைகளும் என் பக்கம் திரும்பின.

வேறு வழியில்லாமல் எழும்பி, முதல் ‘வேண்டாம்’ என்பது உண்மையான ‘வேண்டாம்’ இல்லை என்று விளக்கினேன். மனித உரிமை வரைக்கும் ஏறத் தெரிந்த என் ஆங்கிலம் அன்றைக்குப் பாலர் வகுப்புக்கு இறங்கிவிட்டது. முதியோர் கிளப் கிழவர் மட்டும் ஆர்வமாக முன்னால் குனிந்தார்.

“அப்படியென்றால் எத்தனை தடவை கேட்க வேண்டும்?”

“மூன்று” என்றேன்.

“சரி, முறைப்படி செய்வோம்” என்று அந்தப் பெண்மணி எங்கள் பக்கம் திரும்பினார். “உங்களுக்கு இந்த மானியம் வேண்டுமா?”

“நோ, நோ, இட்ஸ் ஓகே” என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தாள் என் பொருளாளர். நான் அவளுடைய காலை மிதித்தேன். மண்டபமே சிரித்தது. அந்தப் பெண்மணி சிரிக்காமல் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டார். மூன்றாம் தடவை நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக “யெஸ்” என்று கத்தியதில் குழந்தை எழும்பிவிட்டது.

ஆனால் பணம்தான் பங்குபோட்டு முடிந்திருந்ததே. திரும்பவும் ஒவ்வொருவராக விட்டுக்கொடுத்தார்கள். கிழவர், குளிர்காலத்தில் புல் என்ன பெரிதாக வளர்ந்துவிடப் போகிறது, மெஷினே வேண்டாம் என்றார். எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவரும் மரியாதைக்குத்தான் சொல்கிறாரோ?

“உண்மையாகவா?” என்றேன்.

“உண்மையாக.”

“யோசித்துத்தான் சொல்கிறீர்களா?”

“ஆமாம்.”

“வேண்டுமென்றால் பாதியாவது...”

“அம்மணி, எனக்கு மெஷின் வேண்டாம்!” என்று அவர் கத்தினார். எங்களுக்குக் கேட்ட முழுத் தொகையும் கிடைக்கவில்லை. ஆனால் தரைக்கும் சுவருக்கும் போதுமான அளவு எழுதினார்கள்.

காருக்கு வரும் வழியெல்லாம் பொருளாளர் சிரித்துக்கொண்டே வந்தாள். நான் சிரிக்கவில்லை. வெளியே வந்ததும் எனக்குக் கோபம்தான் முன்னால் வந்தது, என் குணம் அப்படி. குழந்தையைப் பின்சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக்கொண்டிருந்தவளிடம், “அத்தினை வெள்ளைக்காரருக்கு முன்னால என்ர மானத்தை வாங்கிப்போட்டாய். பிச்சை கேக்கிற மாதிரிப் போய் நிண்டு...” என்று தொடங்கினேன்.

அவள் கோபப்படவில்லை. பெல்ட் சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்தாள்.

“அக்கா, நான் ரெண்டு நாட்டில வரிசையில நிண்டு கேட்டுத்தான் இவளை இஞ்ச கொண்டந்தனான். உங்கட மானத்தை விரிச்சு இவளைப் படுக்க வைக்கேலாது.”

பொருளாளரின் சிரிப்பு நின்றது. மரியாதைக்குச் சொன்னேன் என்று எல்லோருக்கும் விளக்கினேனே, அது முழு உண்மை இல்லை. விசாவும் வேலையும் கையில் வைத்துக்கொண்டு விமானம் ஏறி வந்தவள் நான். அந்த வட்டத்தில் இருந்தவர்கள் என்னையும் அகதி என்று நினைத்துவிடுவார்களோ என்று எனக்கு வெட்கமாக இருந்தது. மற்றவர்கள் மூன்று முறை வற்புறுத்தினால் எனக்கு அந்தப் பெயர் ஒட்டாது. அதற்காக ஒரு பிள்ளையின் மூச்சை வைத்து விளையாடியிருக்கிறேன்.

“பிழைதான்” என்றேன். அந்தச் சொல்லை என் வாயிலிருந்து அதற்கு முன் யாரும் கேட்டதில்லை, என் கணவர் உட்பட. அவள் “சரி, போவம் அக்கா” என்று கதவைச் சாத்தினாள்.