குவாதமாலாக்காரர் கொண்டுவந்த ஏலக்காய்

போடிக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோரில் அப்பா நெருப்புப் பார்த்தார். அடுப்புப் புகை போகும் குழாயில் சின்ன ஓட்டை விழுந்தாலும் காய் புகை குடித்துவிடும். முகர்ந்தே சொல்லிவிடுவார். எனக்கும் அந்த மூக்கு. படிப்பு ஐந்தாவதோடு சரி.

ஒரு வருசம் காய் விலை விழுந்தது. அரபு நாட்டுக்கு குவாதமாலா காய் வந்துவிட்டது என்றார்கள். ஸ்டோரை மூடினார்கள். அப்பா அப்புறம் எந்த வேலைக்கும் போகவில்லை. சாகும்வரை அந்த நாட்டைத் திட்டினார்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் நான் துபாய் தேராவில் ஏலக்காய் கிடங்கில் தரம் பார்த்தேன். வந்ததெல்லாம் குவாதமாலா மூட்டை.

ஒரு மத்தியானம் அந்த நாட்டு ஆளே வந்தார். குட்டையான ஆள், இரவல் கோட்டு. மலைக்காரர்கள் சேர்ந்து, தரகர் இல்லாமல் முதல் தடவையாக அனுப்பிய சரக்கு. கூடவே இவரையும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் முதீர், அதாவது மேலாளர், தொழுகைக்குப் போயிருந்தார். மலையாளி கிளார்க் நடுவில் நின்று அவருடைய அரைகுறை இங்கிலீஷை மாற்றிச் சொன்னார்.

மூட்டைக்குக் குறி போடும் சாக்கட்டியால் வந்தவர் தரையில் நாட்டை வரைந்தார். இரண்டு பக்கமும் கடல். தெற்கே வரிசையாக நெருப்பு மலைகள். வடக்கே ஒரு மலையில் புள்ளி வைத்தார்.

"அவரு ஊராம் சேட்டா. சாரல் நிக்கவே நிக்காதாம். ஏலச்செடி நம்ம நாட்டுலேந்து வெள்ளைக்காரன் கொண்டுவந்து வச்சதாம்."

"அவங்க எதுல போட்டுச் சாப்பிடுவாங்க?"

"சாப்பிடவே மாட்டாங்களாம். அவங்களுக்கு சோளம்தான்."

"திங்காத காயை வச்சா எங்க பொழப்பக் கெடுத்தீங்கன்னு கேளுங்க."

கிளார்க் சிரித்தார். அதை மட்டும் மாற்றிச் சொல்லவில்லை.

வந்தவர் மாதிரிப் பையைக் கட்டியிருந்த நெய்த நாடாவை அவிழ்த்துக் காட்டினார். அவர் சம்சாரம் இடுப்பில் தறியைக் கட்டி நெய்ததாம். பூ வேலையைப் பார்த்தே எந்த ஊர்ப் பெண் என்று சொல்வார்களாம். அப்புறம் சண்டையைப் பற்றிச் சொன்னார். பட்டாளம் ஊரைக் கொளுத்தியது. அவர் அப்பாவைக் கூட்டிப்போனது. திரும்பவில்லை. கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

முதீர் வந்து, சீக்கிரம் பார்க்கச் சொன்னார். "யல்லா பாய், தேக்கோ."

மூட்டை அடுக்கிய அட்டியில் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் மூட்டை பிரித்துப் பார்க்க வேண்டும். அதுதான் முறை. நான் மேல் வரிசையில் மூன்று பிரித்தேன். உள்ளங்கையில் அள்ளி, ஊதி, முகர்ந்தேன். புகை. ஒன்றைக் கடித்தேன். அதிலும் புகை.

"க்யா போல்தா?" என்ன சொல்கிறாய் என்று முதீர் கேட்டார்.

"துவான்" என்றேன். இந்தியில் புகை.

வந்தவருக்கு முகம் மாறியது. வேகமாகப் பேசினார்.

"பல வீட்டுக் காயாம் சேட்டா. ஒரு வீட்டு அடுப்பு கெட்டிருக்குமாம். அடியில உள்ளதையும் பாக்கச் சொல்றாரு."

"எல்லாம் ஒரே காய்தான்" என்றேன்.

முதீர் சரக்கைத் தூளுக்கு ஒதுக்கினார். தூளுக்குக் கொடுப்பது பாதி விலைகூட இல்லை. அந்த ஆள் கையெழுத்துப் போட்டார். போகும்போது எனக்குக் கை கொடுத்தார். நாடா தரையில் கிடந்தது.

நாலாம் நாள் அட்டியைப் பிரித்தோம். இரண்டாவது வரிசையிலிருந்து அடிவரை நல்ல பச்சைக் காய். புகை இல்லை. எங்கள் ஸ்டோரில் வரும் அதே வாசனை.

முதீரிடம் போய்ச் சொன்னேன். "கலாஸ், முடிஞ்சுபோச்சு. ஆளும் ஊருக்குப் போயாச்சு" என்றார். அந்தக் காயைத் தூளாக்கவில்லை. முதல் தரமாக ரியாத்துக்குப் போனது. நான்தான் பிரித்துக் கட்டினேன்.

மூட்டையில் அனுப்பியவர் விலாசம் இருந்தது. கிளார்க்கைக் கடிதம் எழுதச் சொன்னேன்.

"என்ன எழுத சேட்டா?"

"மேல் வரிசை மட்டும்தான் பார்த்தேன்னு எழுதுங்க."

"வேற?"

அன்று எடுத்து வைத்திருந்த நாடாவை மடித்துக் கடிதத்தோடு உறைக்குள் வைத்தேன்.

அதன் பிறகு அங்கே ஆறு வருசம் இருந்தேன். அந்த ஊர் மூட்டை மறுபடி வரவில்லை.