அக்கா சமையலறையின் நான்கு நிறக் கதவுகள்

சாவு வீட்டில்கூட வாயை மூடாதவன் என்று பெயரெடுத்த என்னிடம் இந்த நினைவு மலருக்கு எழுதச் சொன்னது, அக்காவின் பெண்கள் இருவரின் துணிச்சல். தம்பி என்ற உரிமையில் எழுதுகிறேன். ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன்.

அக்கா ஊரப்பாக்கத்தில் பிறந்தார். எங்கள் வீட்டில் மூத்தவர். மணமாகிச் செம்பாக்கம் வந்தார். எண்பதுகளின் தொடக்கத்தில் அத்தான் மாரடைப்பில் காலமானபோது சின்னவளுக்கு நான்கு வயது. காரியம் முடிந்த மறு வாரமே அக்கா எடுப்புச் சாப்பாடு தொடங்கினார். பதினோரு வீட்டுக்கு மதியக் கேரியர். அதில்தான் பெண்களின் படிப்பு.

சில வருடம் கழித்து ஒருநாள் அங்கே சாப்பிட உட்கார்ந்தேன். சாம்பார் இனித்தது.

"அக்கா, பாயசத்துல முருங்கைக்காய் பிரமாதம்!" என்றேன்.

அக்கா சிரிக்கவில்லை. கரண்டியைக் கீழே வைத்தார்.

"உப்புன்னு நெனச்சு சர்க்கரையைப் போட்டுட்டேனா? கண்ணு மங்கிக்கிட்டே வருதுடா. இனிமே தெளியாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வெளியே சொல்லிடாதே. கண்ணு தெரியாதவ சமைச்சதை எவன் சாப்பிடுவான்?"

அந்தச் சாம்பாரைக் கொட்டிவிட்டு, மறுபடி வைத்து, கேரியர்களை நேரத்துக்கு அனுப்பினார். பிறகு என்ன செய்ய வேண்டுமென்று அவரே சொன்னார். மேடைக்குக் கீழிருந்த பழைய அலமாரியின் நான்கு கதவும் ஒரே கறுத்த பழுப்பு. ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் வேண்டும். பருப்புக்கு மஞ்சள், மிளகாய்த்தூளுக்குச் சிவப்பு, உப்பு புளிக்கு நீலம், அரிசி சர்க்கரைக்கு வெள்ளை.

கூலிக்கு ஆள் வைத்தால் ஏன் எதற்கென்று கேட்பான். ஆகவே நான். உப்புத்தாளால் மரத்தைத் தேய்த்ததைவிட என் விரலைத் தேய்த்ததே அதிகம். போதாததற்குக் கார்த்திகை மழை. மஞ்சள் பெயிண்ட் வழிந்து கட்டி தட்டியது. சிவப்பில் பிரஷ் முடி ஒட்டிக்கொண்டது. நீலத்துக்கு முதல் பூச்சு காயுமுன் இரண்டாவதை அடித்ததில் தோல் மாதிரி சுருங்கிப்போனது. வெள்ளைக் கதவு மட்டும் வழவழவென்று வந்தது. அதை அக்காவே அடித்தார்.

பொங்கலுக்கு வந்த அஸ்தினாபுரம் சித்தப்பா, "இன்னாடா இது, சமையல்கட்டா, கூட்டணிக் கட்சி ஆபீஸா?" என்றார். வீடே சிரித்தது.

அக்கா அடுப்பைப் பார்த்தபடி, "எல்லாம் இவன் வேலை சித்தப்பா. சொன்னா கேக்கறானா?" என்றார்.

நானும் பல்லைக் காட்டினேன். கோமாளி செய்ததற்கு யார் காரணம் கேட்பார்கள்?

தொண்ணூறுகளின் நடுவில் பெரியவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சம்பந்தி வீட்டார் வருமுன் நல்ல ஆளாக வைத்துக் கதவுகளைச் சரிசெய்கிறேன் என்று போய் நின்றேன்.

"தொட்டே, கையை ஒடிப்பேன்" என்றார் அக்கா. "கண்ணுக்கு நிறம் தெரியாம போய் ரெண்டு வருஷமாச்சுடா. இப்ப கைதான் பாக்குது. வழிஞ்சிருந்தா பருப்பு, முடி குத்தினா மிளகா, சுருங்கியிருந்தா புளி, வழவழன்னா அரிசி. நீ ஒழுங்கா அடிச்சிருந்தேன்னா நான் செத்தேன்."

என் கைவேலைக்கு இந்த ஜன்மத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அது.

இரண்டு பெண்களும் வேலைக்குப் போன பிறகே அக்கா கேரியர்களைக் கழுவிக் கவிழ்த்தார். சென்ற ஆண்டு நான்கு நாள் காய்ச்சலில் போய்விட்டார். அதற்கு முந்தின வாரம்கூட எனக்கு ரசம் வைத்துக் கொடுத்தார். உப்பு சரியாக இருந்தது.

கடைசி நாட்களில் உடனிருந்த பக்கத்து வீட்டு அம்மாவுக்கும், தோள் கொடுத்தவர்களுக்கும், இன்று ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் குடும்பத்தின் வணக்கம். அந்தக் கதவுகளைப் பார்த்துச் சிரித்த சொந்தங்களுக்குத் தனியாக என் நன்றி. நீங்கள் சிரித்தீர்கள், அதனால் ஒருவரும் காரணம் கேட்கவில்லை. பதினோரு வீட்டுக்கும் சோறு நேரத்துக்குப் போனது.