டார்ச் வெளிச்சத்தில் செல்வியின் கண்

1986 ஜூலை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துப் பள்ளிக்கு மாற்றலாகி வந்திருந்தேன். ஒன்றாம் வகுப்புக்கு ஒளிப் பாடம். ஜன்னல்களை அடைத்துவிட்டு, கண்ணாடி, பேண்டேஜ் துணி, அட்டை ஆகியவற்றின் வழியே டார்ச் விளக்கைப் பார்க்கச் சொன்னேன்.

செல்வி இடது கண்ணைப் பொத்திக்கொண்டு, வலது கண்ணால் கண்ணாடி வழியே பார்த்தாள்.

“இதுவும் பேண்டேஜ் துணி மாதிரிதான் சார் தெரியுது.”

பிள்ளைகள் சிரித்தார்கள்.

“ஏட்டி, கண்ணாடிக்கும் துணிக்கும் வித்தியாசம் தெரியாதா?” என்று நானும் சிரித்தபடி டார்ச்சை அவள் முகத்துக்கு நேரே திருப்பினேன்.

இடது கண்மணி கறுப்பாக இருந்தது. வலது கண்மணி பூனைக் கண்ணைப் போல வெள்ளையாக ஒளிர்ந்தது. அவள் அசையாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பேய் சார்” என்றான் ஒருவன்.

நானும் ஓரடி பின்வாங்கி விளக்கை அணைத்தேன். இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது.

“நான் சரியாத்தான சார் சொன்னேன்?”

ஜன்னல்களைத் திறந்தபோது அது சாதாரணக் கண்ணாகவே தெரிந்தது. வெளிச்சம் செய்த மாயம் என்று எண்ணிக்கொண்டேன். பயந்ததைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அவளுடைய வீட்டாரிடம் நான் பேசவில்லை.

டிசம்பரில் அவள் அம்மா வந்தார்.

“கண்ணுக்குள்ள கட்டி சார். கண்ணையே எடுத்துட்டாக. ஆடியிலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாமாம். எங்க வீட்டுல யாரும் கவனிக்கலியே சார்.”

அவர் போனதும் டைரியை எடுத்துப் புரட்டினேன்.

அந்த ஜூலை நாளின் டைரியில், ‘ஒளிப் பாடம் முடிந்தது. எல்லோருக்கும் புரிந்தது’ என்று எழுதியிருக்கிறேன். அதை இன்றுவரை அடிக்கவில்லை. அன்று வகுப்பில் புரியாதவன் நான் ஒருவன்தான்.