நாற்பது வேலோவும் ஒரு வேலும்

தம்பித்துரைக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒருவர் இப்படிச் சொன்னால் நீந்தத் தெரியாத மீனைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். ஆகவே அவர் சொல்லவில்லை. மனைவி சந்திரமதியிடமும் சொல்லவில்லை. கலியாணம் பேசிய காலத்தில் தொலைபேசியில் அவளுக்கு அவர் சொன்ன முதல் கதையே, கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம்வரை சைக்கிளில் வந்த கதைதான். அதில் எதிர்க்காற்று உண்டு. ஆனையிறவு வெயில் உண்டு. வழியில் சில்லு காற்றுப்போனது உண்டு. வந்து சேர்ந்தபின் சில நாள் உட்கார முடியாமல் குப்புறப் படுத்தது உண்டு. சைக்கிளை ஓடியது யார் என்பது மட்டும் கதையில் இல்லை.

சுவிஸில் அந்தக் கதையைக் காப்பாற்றுவது பெரிய வேலையாகிவிட்டது. இங்கே தபால்காரர் ஓடுகிறார், வைத்தியர் ஓடுகிறார், எண்பது வயதுக் கிழவி முன்கூடையில் லீக்ஸ் கீரைக்கட்டு வைத்துக்கொண்டு மலை ஏறுகிறாள். தம்பித்துரையிடம் குளிர்காலத்துக்குப் பனி இருந்தது, வசந்தத்துக்குக் காற்று இருந்தது, கோடைக்கு முழங்கால் நோ இருந்தது. ஓல்டனில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் அவர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். முட்டைப் பெட்டியை ஒன்றும் உடையாமல் மேல்தட்டில் வைப்பார். நாலு சில்லு இருக்கும்வரை அவருக்கு ஒரு பயமும் இல்லை.

சந்திரமதிக்குக் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். வைத்தியசாலையின் நீளமான நடைவழியில் இருந்துகொண்டு தம்பித்துரை முருகனிடம் கதைத்தார். கட்டி கெட்டது இல்லை என்று வந்தால், கோயிலின் பித்தளை வேலைச் சுமந்து யூரா மலையின் உச்சிவரை வெறுங்காலோடு நடந்து வருவதாக நேர்ந்தார். கட்டி கெட்டது இல்லை என்று வந்தது.

அந்த மலைக்கு வேல் ஊர்வலம் போகவேண்டும் என்பது கோயில் நிர்வாகத்தின் பழைய ஆசை. தம்பித்துரை ஜெர்மன் நன்றாகக் கதைப்பவர் என்பதால், தலைவர் யோகராஜா அனுமதி கேட்கும் வேலையை அவரிடமே கொடுத்தார். ஆனால் வேலைச் சுமக்கும் உரிமையைக் கொடுக்க அவருக்கு மனமில்லை. தானே சுமக்க ஆயத்தமாக இருந்தார். தம்பித்துரை நேர்த்தியைச் சொன்ன பிறகுதான் விட்டுக்கொடுத்தார். ஏதும் ஏலாமல் போனால் தான் பக்கத்தில் நிற்பதாகவும் சொல்லிவைத்தார்.

தம்பித்துரை மலைக் கிராமத்தின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தார். ஃப்ராவ் கேஸர் என்ற பெண் கதைத்தாள். நாங்கள் வேல் கொண்டு ஊர்வலமாக மலை ஏற விரும்புகிறோம் என்றார்.

"வேலோ?" என்று கேட்டாள் ஃப்ராவ் கேஸர்.

தம்பித்துரைக்கு உடம்பு சிலிர்த்தது. இந்த நாட்டில் ஒரு வெள்ளைக்காரி தன் வாயால், யாழ்ப்பாணத்துப் பெண்போல, வேலோ என்று கேட்கிறாள். வேலோ என்றால் இந்த நாட்டில் சைக்கிள் என்பது அவருக்குத் தெரியாததல்ல. முப்பது வருடமாக வேலோவைத் தவிர்த்து வாழ்ந்தவருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஆனால் அந்த நேரம் அவர் தலைக்குள் முருகன் மட்டுமே இருந்தார்.

"ஓம், ஓம். வேல்தான்" என்றார், தமிழிலேயே.

அவள் எத்தனை பேர் என்று கேட்டாள். நாற்பது என்றார். விளக்கு இருக்குமா என்று கேட்டாள். முன்னுக்கும் பின்னுக்கும் வரும் என்றார். மணி? அது கோயில் ஐயரிடம் இருக்கும். மின்சாரத்தில் ஓடுவதா என்று கேட்டபோது அவர் கொஞ்சம் யோசித்தார். சக்தி இருக்கிறது, ஆனால் மின்சாரம் இல்லை என்றார். பாரம்பரியமானது, நல்லது என்றாள் அவள்.

அனுமதிக் கடிதம் வந்தது. செப்டெம்பர் மாதத்து ஒரு ஞாயிறு, கிராமத்தின் சைக்கிள் நாள். அன்று மலைப்பாதை முழுவதும் மூடப்படும். வேலோ தவிர வேறெதற்கும் இடமில்லை. காருக்கும் இல்லை, நடப்பவருக்கும் இல்லை. மலையைச் சுற்றும் அந்தச் சைக்கிள் நாளில் தமிழ் வேலோக் குழு முதன்முறையாகக் கலந்துகொள்வதில் கிராமம் மகிழ்ச்சி அடைகிறது.

தம்பித்துரை திரும்ப எடுத்துக் கதைத்தார். நடந்து போவதானால் அடுத்த வருடம் பார்க்கலாம், அதுவும் உறுதியில்லை என்றாள் ஃப்ராவ் கேஸர். சுவரொட்டிகூட ஒட்டியாகிவிட்டதாம். நிர்வாகம் கூடிக் கதைத்தது. முருகன் மயிலில் போகலாம் என்றால் சைக்கிளில் ஏன் போகக்கூடாது என்று ஐயர் கேட்டார். அதோடு கதை முடிந்தது.

பாதை தெரிந்த ஆள் வேண்டும் என்று சம்பத்தைப் பிடித்தார்கள். சம்பத் கோயம்புத்தூர்க்காரர், சூரிச்சில் வங்கி ஒன்றில் கணினி வேலை. மிச்ச நேரமெல்லாம் மலையில் சைக்கிள். சைக்கிள் பந்தயக்காரர்போலக் காலில் மயிர் வழித்திருப்பார். வேலைக் கையில் வாங்கி எடை பார்த்தார்.

"பித்தளைங்களா? ரொம்ப வெயிட்டுங்க. மேல அகலமா வேற இருக்கு, காத்து வாங்கும். கார்பன்ல ஒண்ணு செஞ்சுக்கலாமே?"

கார்பனில் முருகன் எழுந்தருளுவாரா என்று யோகராஜா ஐயரைப் பார்த்தார். அதைப் பற்றிச் சாத்திரத்தில் ஒன்றும் இல்லை என்றார் ஐயர்.

தம்பித்துரை சம்பத்தைத் தனியே கூட்டிப்போய் உண்மையைச் சொன்னார். முப்பது வருடத்தில் முதல் தடவை. சம்பத் சிரிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கிட்டங்கியின் வெறும் முற்றத்தில் பழக்கினார். தம்பித்துரை ஏறிய கணமே தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார், விழுந்தார். திரும்பவும் ஏறினார், பின்னால் பார்த்தார், விழுந்தார்.

"அண்ணே, ஏன் பின்னாடி பாக்கறீங்க?"

"பின்சில்லு எங்க போகுது எண்டு பாக்க வேண்டாமோ தம்பி?"

"அது தானா வருங்கண்ணே."

"ஃபோர்க்லிஃப்டில அதுதான் திரும்பும்."

இருபத்தெட்டு வருடப் பழக்கம் கழுத்தில் இருந்தது. கழுத்தை மாற்றச் சம்பத்தால் முடியவில்லை. முழங்கால் நோ என்று சொல்லிவிடுங்கள் என்றார் கடைசியில். சொன்னால் வேல் யோகராஜா கைக்குப் போகும். கட்டி போன கழுத்தோடு வீட்டில் ஒருத்தி சமைத்துக்கொண்டிருக்கிறாள். தம்பித்துரை சொல்லவில்லை.

அந்த ஞாயிறு வந்தது. மலை அடிவாரத்தில் நாற்பது தமிழர் ஹெல்மெட்டோடு நின்றார்கள். ஐயர் வேட்டியை மடித்துக் கட்டி, குடுமிக்கு மேலே ஹெல்மெட் வைத்து, மின்சார வேலோவில் இருந்தார். நாதஸ்வரம் ஒலிபெருக்கியில் போனது. இறுக்கமான உடுப்புப் போட்ட சுவிஸ்காரர்கள் விலகி வழிவிட்டார்கள். தம்பித்துரையின் முதுகில் வேலைக் கட்டினார்கள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுச் சைக்கிளில் ஏறினார். பின்னால் பார்த்தார். விழுந்தார்.

வேல் நிலத்தில் படாமல் விழுந்தார். என்ன பக்தி என்று யாரோ சொன்னார்கள். யோகராஜா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வந்தார்.

அப்போதுதான் சந்திரமதி வந்தாள். அவள் வேலை செய்யும் முதியோர் இல்லத்தில் துணிமூட்டை ஏற்றுகிற, முன்னால் பெரிய பெட்டி வைத்த மின்சார வேலோ ஒன்றை ஓடிக்கொண்டு வந்தாள். வளைத்து நிறுத்திக் காலை ஊன்றினாள்.

"இஞ்சேருங்கோ, இதுக்குள்ள ஏறுங்கோ."

தம்பித்துரை நிலத்தில் இருந்தபடியே அவளைப் பார்த்தார். "உனக்குச் சைக்கிள் ஓடத் தெரியுமோ?"

"இஞ்ச பள்ளிக்கூட முற்றத்தில வெளிநாட்டுப் பெண்டுகளுக்குப் பழக்கினவை. நீங்கள் கிளிநொச்சியிலயிருந்து ஓடின ஆள். உங்களுக்குச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

அவர் முதுகில் கட்டிய வேலை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு பெட்டிக்குள் குந்தினார். மஞ்சள் சட்டை போட்ட காவலன் மறித்தான். அன்றைய விதிப்படி பெட்டிக்குள் சின்னப் பிள்ளையை ஏற்றலாம், சாமான் ஏற்றலாம், வளர்ந்த ஆளை ஏற்ற முடியாது. இது பிள்ளையா சாமானா என்று கேட்டான். சந்திரமதி கணவரை ஒருமுறை பார்த்தாள். சாமான் என்றாள். சாமான் என்றால் கட்டவேண்டும் என்று அவன் பட்டி கொண்டுவந்து கட்டத் தொடங்கினான். அவன் கட்டிய விதம் தம்பித்துரைக்குப் பிடிக்கவில்லை. குறுக்காகப் போடு, வளைவில் பாரம் சரியும் என்று ஜெர்மனில் சொல்லிக்கொடுத்துத் தன்னைத்தானே சரியாகக் கட்டுவித்தார்.

பாதை வளைந்து வளைந்து ஏறியது. இரண்டு பக்கமும் ஆப்பிள் மரங்கள். மாடுகள் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு வேலைப் பார்த்தன. சம்பத் பக்கத்தில் ஓடியபடி ஒன்பது சதவீதம், பதினொரு சதவீதம் என்று ஏற்றத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். யாரும் கேட்காததால் முன்னே போய்விட்டார்.

"கிளிநொச்சியிலயிருந்து வந்தது..." என்றாள் சந்திரமதி, மூச்சு வாங்க.

"வந்தது உண்மை" என்றார் தம்பித்துரை. அடுத்த வளைவில் பட்டியை இழுத்துச் சரிபார்த்தார். "பின்னுக்கு. கரியரில."

"தெரியும்."

"எப்ப தொட்டு?"

"நான் ஓடப் பழகின நாள் தொட்டு. எனக்குக் கால்தான் சரியா நொந்தது. உங்கட கதையில கால் ஒருக்காலும் நோகேல்லை."

கடைசி வளைவுக்கு முன்னால் மின்கலம் தீர்ந்தது. அவள் மிதித்துப் பார்த்தாள். வேலோ நின்றது. இறங்கிப் பட்டியை அவிழ்த்தாள். தம்பித்துரை வெறுங்காலைத் தாரில் வைத்தார். தார் சுட்டது. வேலைத் தோளில் வைத்து, ஒரு கையால் வேலோவைத் தள்ளிக்கொண்டு நடந்தார். அவள் மறுபக்கம் தள்ளினாள்.

பின்னால் வந்த காவலன் நடப்பதற்கு அனுமதி இல்லை என்று கத்தினான்.

"இவர் நடக்கேல்லை" என்றாள் சந்திரமதி. தமிழில் சொன்னது நினைவு வந்து ஜெர்மனில் திருப்பினாள். சாமான் விழுந்துவிட்டது, உச்சியில் வைத்து ஏற்றுகிறோம் என்றாள். அவன் யோசித்தான். விழுந்த சாமானைப் பற்றி அவனிடம் விதி இருக்கவில்லை போலும். போய்விட்டான்.

உச்சியில் ஃப்ராவ் கேஸர் எல்லோருக்கும் ஆப்பிள் சாறு கொடுத்துக்கொண்டு நின்றாள். இவர்கள் இருவரையும் கண்டு ஒரு குவளையோடு வந்தாள். குரலை வைத்தே தம்பித்துரை ஆளைக் கண்டுகொண்டார். அவள் அவருடைய வெறுங்காலைப் பார்த்தாள், தோளில் மின்னிய பித்தளையைப் பார்த்தாள், பெட்டி வண்டியைப் பார்த்தாள். விரலை நீட்டினாள். அது வேலுக்கும் வண்டிக்கும் நடுவில் எங்கோ நின்றது.

"வேலோ?" என்று கேட்டாள்.

தம்பித்துரை இந்தமுறை அவசரப்படவில்லை. மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அவள் கழுத்துத் தழும்பில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது.

"ஓம்" என்றார்.