ஸ்டெல்லாவின் இருபத்தாறு கடிதங்கள்

விதி இதுதான்: ஒரு தொழிற்சாலைக்கு அனுமதி தருவதற்கு முன்பு, அதனால் பாதிக்கப்படக்கூடிய யாரும் கருத்துச் சொல்லலாம். அவர் அந்த நாட்டுக் குடியுரிமை பெற்றவராக இருக்க வேண்டியதில்லை. கேட்டுக்கொண்டால் அவருடைய பெயர் வெளியிடப்படாது. மெல்பேர்னில் உள்ள ஓர் அலுவலகத்தின் இணையதளத்தில், நாற்பது பக்க வழிகாட்டியின் முப்பத்தெட்டாம் பக்கத்தில், ஆங்கிலத்தில் மட்டும் இது இருக்கிறது. அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. தமிழ்நாட்டு வருவாய்த் துறையிலேயே தலை நரைத்தவன் நான். எந்த விதியை எந்தப் பக்கத்தில் வைப்பார்கள் என்பது எனக்குப் புதிதல்ல.

பிப்ரவரி 17, செவ்வாய். சிட்னிக்கு மேற்கே பென்டில் ஹில்லில் இருக்கும் மகன் கார்த்திக்கின் வீட்டிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினேன். ரயில் நிலையத்தில் இறக்கிவிடும்போதும் அவனுக்கு மனசு ஆறவில்லை.

"பிளைட்ல ஒன்றரை மணி நேரம்ப்பா. டிக்கெட்டும் இதைவிடக் கம்மி."

"பிளைட்ல எட்டிப் பார்த்தா மேகம்தான்டா தெரியுது. ஆஸ்திரேலியாவை எப்பப் பார்க்கிறது?"

சென்ட்ரலில் 7.40க்கு மெல்பேர்ன் ரயில். இரண்டாம் வகுப்பு, தொண்ணூறு டாலர் சொச்சம். ஏறத்தாழ 950 கிலோமீட்டர், பதினோரு மணி நேரம். கோல்பர்ன் தாண்டியதும் காய்ந்த புல்வெளி, ஆடுகள், மறுபடியும் புல்வெளி. வாகா வாகாவில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த விவசாயி ஒருவர், எங்கே போகிறாய் என்று கேட்டார். சம்பந்தி வீட்டுக்கு என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? மருமகளின் தாயாரைப் பார்க்க என்றேன். மனிதர் என்னை மிகுந்த அனுதாபத்தோடு பார்த்துவிட்டு, பாதி சாக்லேட்டை உடைத்துக் கொடுத்தார். மதியத்துக்கு மேல் ஆல்பரியில் மரே ஆறு. அதற்கு அப்பால் விக்டோரியா மாநிலம்.

மருமகள் நிரோஷாவின் பூர்வீகம் மன்னார். அவளுடைய அம்மா ஸ்டெல்லா முப்பது வருடமாக மெல்பேர்னின் தென்கிழக்கில், நோபல் பார்க்கில் இருக்கிறார். வீட்டுக்குப் பின்னால் தொழிற்பேட்டை. அங்கே பகலில் மட்டும் இயங்கும் ஒரு குப்பைக் கிடங்கு, இனி இரவிலும் லாரிகளை விட அனுமதி கேட்டிருக்கிறது. "மாமா, அம்மா என்னவோ கடிதம் எல்லாம் போட்டவ. அவை என்னவோ பதில் எழுதியிருக்கினம். ஒருக்காப் பாருங்கோ" என்றாள் நிரோஷா. ஓய்வு பெற்றவனிடம் ஒரு கோப்பைக் காட்டினால் போதும், 950 கிலோமீட்டரும் தூரமில்லை.

மாலை ஏழு மணிக்கு சதர்ன் கிராஸ் நிலையத்தில் ஸ்டெல்லா நின்றிருந்தார். கூடவே ஜெசிந்தா. ஸ்டெல்லாவின் வீட்டுப் பின்பக்க அறைகளில் குடியிருப்பவள். இலங்கையிலிருந்து கணவனோடு படகில் வந்தவள், கணவன் வேறு மாநிலத்தில் பழம் பறிக்கிறான். இவளுக்கு ஒரு துணி வெளுக்கும் தொழிற்சாலையில் பகல் வேலை, ஆறு வயதில் டிலானி என்று ஒரு மகள், நிரந்தர விசாவுக்குப் பல வருடமாகத் தீராத ஒரு விண்ணப்பம்.

"வாங்கோ சம்பந்தி. இந்த வயசில விடிய வெளிக்கிட்டுப் பொழுதுபட வாறியள். உங்களுக்கென்ன விசரே?" என்றார் ஸ்டெல்லா.

"அன்ரி, முதல்ல அவரைக் கார்ல ஏற விடுங்கோ" என்றாள் ஜெசிந்தா. "அங்கிள், பெல்ட்டைப் போடுங்கோ. பின் கதவை உள்ளுக்கிருந்து திறக்கேலாது, பயப்பிடாதையுங்கோ."

முப்பது கிலோமீட்டர். கடைசி இரண்டு கிலோமீட்டரில் ஜெசிந்தா பேச்சை நிறுத்தாமலே நான்கு ஜன்னல்களையும் ஏற்றினாள். ஏன் என்று மூக்குக்கு உடனே தெரிந்தது.

பிப்ரவரி 18, புதன். விபூதிப் புதன் என்பதால் தேவாலயத்துக்கு மாலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு திரும்பினார்கள் இருவரும். அதன் பிறகு குசினி என்று அவர்கள் சொல்லும் சமையலறையில், மேசை மேல் கோப்பு திறக்கப்பட்டது.

"நான் இருபத்தாறு கடிதம் போட்டனான்" என்றார் ஸ்டெல்லா. "அவை ஒண்டு எண்டு எழுதியிருக்கினம். கணக்குத் தெரியாத சனமோ?"

நகல்களை வாசித்தேன். முதல் கடிதத்தில் ஸ்டெல்லா எழுபத்தொரு வயது விதவை. இரண்டாவதில் அவருக்குக் கோழி வெட்டும் ஆலையில் இரவு வேலை, பகலில் லாரிச் சத்தத்தில் தூங்க முடியவில்லை. ஐந்தாவதில் அவருடைய மனைவிக்குத் தலைவலி. ஒன்பதாவதில் ஆறு வயது மகளுக்கு இழுப்பு, ஜன்னலைத் திறக்கவே முடிவதில்லை. பதினேழாவதில் அவர் ஏழு மாதக் கர்ப்பிணி. இருபத்தாறின் அடியிலும் ஒரே பெயர், ஒரே கையெழுத்து, ஒரே முகவரி.

"சம்பந்தி, நீங்க கர்ப்பமா இருக்கீங்க."

"ஓம். பைபிளில தொண்ணூறு வயசில சாராவுக்கு நடந்தது, நோபல் பார்க்கில எனக்கு." சிரித்துவிட்டுச் சொன்னார்: "இந்த ரோட்டில சிற்றிசன் நான் மட்டும்தான். மற்ற எல்லாரும் விசாவில இருக்கிறவை. சொன்னால் எழுதுவினம். பேர் போடச் சொன்னால் எழும்பிப் போயிடுவினம். அரசாங்கத்துக்கு எதிரா ஒரு தாளில பேர் இருந்தால் என்ன நடக்கும் எண்டு அவைக்கு இலங்கையிலயே பாடம் நடந்தது. அதான் எல்லாத்துக்கும் நான் கையெழுத்து வைச்சனான்."

ஒருவர் எத்தனை கடிதம் எழுதினாலும் ஒரு கருத்துதான். அதுவும் விதி, இருபத்திரண்டாம் பக்கம். முப்பத்தெட்டாம் பக்கத்தை யாராவது இவர்களுக்குத் தமிழில் சொல்லியிருந்தால் இருபத்தாறும் இருபத்தாறாகவே நின்றிருக்கும். கடிதங்களுக்கான கெடு முடிந்துவிட்டது. அடுத்த செவ்வாய்க்கிழமை விசாரணை. அதில் ஸ்டெல்லாவுக்கு ஒரு கருத்துக்கு உரிய மூன்று நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். தனக்குப் பதிலாக இன்னொருவரைப் பேச வைக்கவும் அவருக்கு உரிமை உண்டு.

"அப்ப ஜெசிந்தாதான் கதைக்கவேணும். என்ர பிள்ளையளுக்கு இழுப்பு இல்லை" என்றார் ஸ்டெல்லா.

ஜெசிந்தா தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். "பேர் கேப்பினமோ அங்கிள்?"

"கேட்பாங்க. வெளியிட வேண்டாம்னு நாம கேட்டா வெளியிடக் கூடாது. விதி இருக்கு."

"எழுத்தில தருவினமோ?"

சரியான கேள்வி. விதி இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. விதிப்படி நடப்பார்கள் என்று நம்பத்தான் முடியவில்லை, அதற்கு என் பணி அனுபவம் கூடுதல். அவளுடைய விசாவை என்னுடைய வாசிப்பின் மீது பணயம் வைக்க நான் யார்? உடனே மின்னஞ்சல் அனுப்பினேன்: தற்காலிக விசாவில் உள்ளவர் விசாரணையில் பேசினால் அவர் பெயர் மறைக்கப்படுமா, ஆம் அல்லது இல்லை. அரை நிமிடத்தில் இயந்திரப் பதில்: தங்கள் கேள்விக்கு நன்றி, பத்து வேலை நாள்களுக்குள் பதிலளிக்கப்படும். விசாரணைக்கு அதில் பாதிகூட மிச்சமில்லை.

பிப்ரவரி 19, வியாழன். இதே கிடங்கை எதிர்க்கும் சுற்றுச்சூழல் குழு ஒன்று பிரன்ஸ்விக்கில் கூடியது. நோபல் பார்க்கிலிருந்து ரயில் மாறிப் போக ஒரு மணி நேரத்துக்கு மேல். கூட்டம் பகல் இரண்டு மணிக்கு. ஜெசிந்தா வேலையில் இருந்தாள். நானும் ஸ்டெல்லாவும் போனோம்.

நல்ல மனிதர்கள். கேரட் கேக் கொடுத்தார்கள். அந்த மண்ணின் மூத்த குடிகளுக்கு மரியாதை சொல்லிவிட்டுத்தான் கூட்டத்தைத் தொடங்கினார்கள். நம் ஊரில் மேடையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்த மரியாதை. தலைமை வகித்த ஹெலனுக்கு என் வயது இருக்கும், சைக்கிளில் வந்திருந்தார். "பாதிக்கப்பட்ட சமூகத்தின் குரல் நமக்கு மிகவும் தேவை, அவர்கள் ஏன் வருவதே இல்லை?" என்று உண்மையான வருத்தத்தோடு கேட்டார்.

"பகல் இரண்டு மணிக்கு அவர்கள் வேலையில் இருப்பார்கள்" என்றேன். ஒருவர் அதைக் குறிப்பெடுத்துக்கொண்டார்.

பிறகு சுவரில் வரைபடம் காட்டினார்கள். கிடங்கின் மேற்கே ஓடையும் சதுப்பு நிலமும் பச்சை நிறத்தில். அங்கே ஒரு அரிய வகைத் தவளை இருக்கிறதாம், லத்தீன் பெயரோடு படமும் இருந்தது. லாரி வாசலைக் கிழக்குப் பக்கம் மாற்ற நிறுவனம் சம்மதித்துவிட்டது, இது நமக்குப் பாதி வெற்றி என்றார் ஹெலன். கிழக்குப் பக்கம் முழுவதும் சாம்பல் நிறம். தொழிற்பேட்டை என்று எழுதியிருந்தது.

ஸ்டெல்லா எழுந்து போய் அந்தச் சாம்பல் நிறத்தின் நடுவில் விரலை வைத்தார். "இது என்னுடைய குசினி" என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

அங்கே வீடுகள் இருப்பது தெரியாது என்றார் ஹெலன். முகம் சிவந்துவிட்டது, அது நடிப்பில்லை.

திரும்பும் ரயிலில் ஸ்டெல்லா காலணிகளைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "தவளைக்கு விசாப் பிரச்சினை இல்லை. அதான் துணிஞ்சு பேர் குடுத்திருக்கு" என்றார்.

பிப்ரவரி 22, ஞாயிறு. பூசை முடிந்த நேரத்துக்கு ஹெலன் தனியாக வந்தார். ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். மீன், முட்டை, பால் எதுவும் சாப்பிடாதவர்.

"மீன் தின்னாதவவுக்கு மன்னார்க்காரி என்னத்தைக் குடுக்கிறது?" என்று குசினிக்குள் புலம்பிய ஸ்டெல்லா, பிட்டும் பருப்பும் கத்தரிக்காயும் வைத்தார். ஹெலன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். சாப்பிடும்போது காற்று திரும்பியது. அவர் கரண்டியைக் கீழே வைத்து, "இதுவா?" என்றார்.

"இண்டைக்குக் குறைவு" என்றாள் ஜெசிந்தா. "ஞாயிறு அவைக்கு லீவு."

தங்கள் குழு ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கிய மனுவைப் பற்றி ஹெலன் சொன்னார். எல்லாம் ஒரே வாசகம் என்றால் அதுவும் ஒரே கருத்துதான், இருபத்திரண்டாம் பக்கம் என்றேன். "ஆக உங்களுடையது ஒன்று, ஸ்டெல்லாவுடையது ஒன்று. மொத்தம் இரண்டு." முதல்முறையாக அவர் வாய்விட்டுச் சிரித்தார். போகும்போது, கிழக்கு வாசல் ஏற்பாட்டுக்குக் குழு கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாகவும், விசாரணையில் தங்களுக்கு உள்ள பத்து நிமிடத்தில் பாதியை ஜெசிந்தாவுக்குத் தருவதாகவும் சொன்னார்.

"அங்கிள், மெயில் வந்திட்டுதே?" என்று ஜெசிந்தா அன்று மூன்றாம் முறையாகக் கேட்டாள்.

"ஞாயிறு அவங்களுக்கும் லீவும்மா."

பிப்ரவரி 24, செவ்வாய். காலை பதினொரு மணி விசாரணை. கேட்பதற்கு ஆள் வராத நேரத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் இரண்டு நாட்டு அலுவலகங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்றதெல்லாம் வேறு. எங்கள் மாவட்டத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் என்றால் பந்தல், போலீஸ், மைக்கைப் பிடுங்க மூன்று கட்சி. கூச்சலில் யார் என்ன சொன்னார்கள் என்பது கேட்காது, ஆனால் எத்தனை பேர் கோபமாக இருக்கிறார்கள் என்பதாவது மேடைக்குத் தெரியும். இங்கே கம்பளம் விரித்த அறை, கண்ணாடிக் குவளையில் தண்ணீர், நேரம் முடிந்தால் சின்ன மணி. கிடங்கின் வழக்கறிஞர் நாற்பது நிமிடம் பேசினார். மணி அடிக்கவில்லை.

ஜெசிந்தா வேலை முறையை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். அழைத்தார்கள். மேசையில் இருந்த இளம் எழுத்தர் பணிவாகக் கேட்டாள்: "பதிவுக்காக உங்கள் பெயரும் முகவரியும்?"

வாசலில் நின்று நான் சொல்லிக்கொடுத்த பதில் ஒன்று இருந்தது. 'நான் ஸ்டெல்லாவின் பிரதிநிதி. என் பெயரை மறைக்கும்படி முப்பத்தெட்டாம் பக்கத்தின்படி கேட்டுக்கொள்கிறேன்.' ஜெசிந்தா என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் முழுப் பெயரைச் சொன்னாள். எழுத்தர் தடுமாறியதும், எழுத்து எழுத்தாகச் சொன்னாள்.

"இருபத்தாறு கடிதத்தில் ஒன்பதாவது என்னுடையது" என்றாள், எளிய ஆங்கிலத்தில். "அதில் உள்ள பிள்ளை என்னுடைய பிள்ளை. பகலில் ஜன்னலைச் சாத்தி வைக்கிறோம். லாரி நின்ற பிறகு இரவில் திறக்கிறோம். அப்போதுதான் அவள் நன்றாக மூச்சு விடுகிறாள். இரவிலும் லாரி வந்தால் நான் எப்போது திறப்பது? இதை மட்டும் எனக்குச் சொல்லுங்கள்."

மூன்று நிமிடமும் தேவைப்படவில்லை. ஹெலன் கொடுத்த ஐந்து நிமிடத்தை, மற்ற கடிதங்கள் எந்தெந்த வீட்டினுடையவை என்று பெயர் சொல்லாமல் விளக்கப் பயன்படுத்தினாள். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அது மாதிரி நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். பேனாவைக் கீழே வைப்பதற்கு இரண்டே காரணம்தான். கேட்கத் தொடங்கிவிட்டோம், அல்லது ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம். எது என்று எனக்குப் பிடிபடவில்லை.

லிப்டில் ஏறியதும் ஜெசிந்தா என் பக்கம் திரும்பினாள். "பேரைச் சொல்லிப்போட்டன் அங்கிள்."

"ஏம்மா?"

"என்ர பிள்ளைக்கு இழுப்பு. அதுக்கும் அன்ரியின்ர பேரையே போடுறது?"

ஸ்டெல்லா அவள் தோளில் ஒன்று வைத்தார். "இவ்வளவு காலமும் போட்டனிங்கள்தானே? வாடகையும் என்ர பேரிலயே கட்டுங்கோ, பாப்பம்." மூன்று பேரும் சிரித்துக்கொண்டே கீழே இறங்கினோம்.

மறுநாள் காலை ரயிலில் சிட்னிக்குத் திரும்பினேன். ஆல்பரி வரை அந்த முப்பத்தெட்டாம் பக்கத்தையே நினைத்துக்கொண்டிருந்தேன். எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் விதியை எழுதுவது சுலபம். அதை அவர்கள் வீட்டு மேசை வரை கொண்டுபோய்ச் சேர்க்க, ரயிலில் ஒரு சம்பந்தியும் சைக்கிளில் ஒரு ஹெலனும் வர வேண்டியிருக்கிறது.

மார்ச் 20 அன்று தீர்ப்பு வந்தது. கிடங்கு பெரிதாகலாம். ஆனால் மாலை ஏழு முதல் காலை ஏழு வரை லாரி கூடாது, கிழக்கு வாசல் கூடாது. கருத்துச் சொன்னவர்களின் பட்டியலில் ஜெசிந்தாவின் பெயர் ஓர் எழுத்தும் பிசகாமல் அச்சாகியிருந்தது. அன்றிரவு அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு. "அங்கிள், டிலானி நித்திரை. ஜன்னல் திறந்து கிடக்கு. என்ர பேரைப் பாத்தனீங்களே? பாத்த உடன நெஞ்சு இடிச்சது. பிறகு பிரிண்ட் எடுத்து பிரிட்ஜில ஒட்டிப்போட்டன். வாறது வரட்டும்."

அவளுடைய விசா விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை. அந்தப் பட்டியலால் கெடுதல் வருமா, வராதா என்று சொல்ல யாருமில்லை. வாரம் ஒருமுறை கேட்கிறேன், இல்லை என்கிறாள்.

என் கேள்விக்கு மட்டும் பதில் வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறோம், விசா நிலை எதுவாக இருந்தாலும் எவரும் கருத்துச் சொல்லலாம், விசாரணைக்கு முன்பு கேட்டுக்கொண்டால் பெயர் மறைக்கப்படும். வந்த தேதி, ஏப்ரல் 9.