ஒரு மணிச் சாப்பாடு

பேருந்து நிலையத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'நிமிஷம்' என்றுதான் சொல்வார்கள். முப்பத்தோரு வருடமாக நேரக் காப்பாளர். பத்து ஐம்பது வண்டி பத்து ஐம்பதுக்குப் போகும். ஓடிவரும் ஆள் கண்ணுக்குத் தெரிந்தாலும் போகும். ஒருவருக்காக நிறுத்தினால் உள்ளே உட்கார்ந்திருக்கும் ஐம்பது பேருக்கு என்ன பதில் என்பார். அதற்கு யாரிடமும் பதில் கிடையாது. அவர்மேல் பெரிய பிரியமும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை; அன்று சமையலறை அவருடையது. பிள்ளைகள் இருவரும் தனி வீடு பார்த்துப் போன பிறகு, அவராகவே தட்டுத்தடுமாறிப் பழகிய வேலை. மனைவிக்கு வெங்காயம் நறுக்கக்கூட அனுமதி இல்லை, துண்டுகள் ஒன்றுபோல் வராதாம். சோறு, கோழிக் குழம்பு, உருளைக்கிழங்கு வறுவல். சரியாக ஒரு மணிக்குச் சாப்பாடு. சாப்பாட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதுதான் கிழங்கை எண்ணெயில் போடுவார். கால் மணி ஆறினால் தொய்ந்துவிடும். தொய்ந்த கிழங்கைப் பிள்ளைகள் தட்டில் வைப்பதைவிட வைக்காமலே இருக்கலாம் என்பது அவர் கட்சி.

சின்னவளுக்கு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தப் பரிசோதனை செய்யும் வேலை. மாற்று ஆள் வந்தால்தான் அவளால் கிளம்ப முடியும். போன மாதம் ஒரு ஞாயிறு ஒன்று இருபதுக்கு வந்தாள். மற்ற மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். "ஒரு மணி வண்டி போயிடுச்சேம்மா" என்றார் அவர், வேடிக்கையாக. அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த பழப்பையை மேசைமேல் வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனாள். அதன் பிறகு மூன்று ஞாயிறு வரவில்லை.

நாலாவது ஞாயிறு வருவதாக அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

"இன்னைக்கும் அவ சாப்பிடாம திரும்பினான்னா, இனிமே இந்தப் படி ஏற மாட்டா. பாத்துக்குங்க" என்றாள் மனைவி.

அது அவருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் இத்தனை எரிச்சல். காத்திருக்கிறேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரவில்லை. "ஒரு மணின்னா ஒரு மணிதான்" என்றார். சொல்லிவிட்டு மிளகாய்த்தூள் டப்பாவைத் தேவைக்கு மேல் பலமாக மூடினார்.

பதினொன்றே முக்காலுக்குக் கோழியை அடுப்பில் ஏற்றினார். எலுமிச்சம்பழம் இல்லை என்று மனைவி அவரைத் தெருமுனைக் கடைக்கு விரட்டினாள். திரும்பி வந்து பார்த்தால் கூடையில் இரண்டு பழம் இருந்தது. இதற்குள் பெரியவன் வந்துவிட்டான். அவன் எலக்ட்ரீஷியன், எந்த வீட்டுக்குப் போனாலும் கை சும்மா இருக்காது. மின்விசிறி சத்தம் போடுகிறது என்று கூடத்தில் ஸ்டூல் போட்டு ஏறி எதையோ திருகிக்கொண்டிருந்தான். அவர் அடுப்படியில் கிழங்குகளை விரல் தடிமனுக்கு நறுக்கினார்.

குழம்பின் மூடியைத் திறந்தபோது எண்ணெய் பிரிந்து மேலே நின்றது. கறி எலும்பைவிட்டுக் கழன்றிருந்தது. கூடத்துச் சுவர்க்கடிகாரத்தை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு ஐந்து.

இருபது நிமிடத்தில் இப்படி வெந்த கோழியை அவர் கண்டதில்லை. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிலையத்தில் டிரைவர்கள் இன்னொரு டீ குடிப்பதற்காக அவருடைய அறைக் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் திருடுவதுண்டு. அங்கே இரண்டு, இங்கே நாற்பது. வீட்டு ஆட்களுக்குப் பேராசை.

வெங்காய வாடை பிடிக்கும் என்று கழற்றிய கைக்கடிகாரம் பக்கத்து அறை அலமாரியில் இருந்தது. எடுத்துவந்து இருவர் முகத்துக்கு நேரே காட்டியிருக்கலாம். எடுக்கவில்லை. தீயைக் குறைத்தார். கிழங்கைத் தண்ணீரில் போட்டு மூடினார். அப்புறம் செய்ய ஒன்றுமில்லாமல், துடைத்த மேடையையே மறுபடி துடைத்தார்.

கொஞ்ச நேரத்தில் பெரியவன் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்து, சாப்பாடு எப்போது என்றான்.

"கடிகாரம் இருக்கில்ல? போய்ப் பாரு."

அவன் போய்ப் பார்த்தான். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டான்.

சின்னவள் வந்தபோது சுவர்க்கடிகாரத்தில் ஒரு மணிக்கு ஐந்து நிமிடம் இருந்தது. மாற்று ஆளுக்குக் காய்ச்சலாம். ஓடிவந்ததில் மூச்சு வாங்கியது. உள்ளே வராமல் வாசற்படியிலேயே நின்றாள்.

"ஒன்னரை தாண்டியாச்சு, தெரியும். நான் ஒன்னும் சாப்பிட வரல. அம்மாவைப் பாத்துட்டுப் போயிடறேன்."

பெரியவன் இருமினான். மனைவி கண்ணாலேயே எதையோ சொல்லப் பார்த்தாள். எல்லாரும் அடுப்படியைப் பார்த்தார்கள். அவர் கரண்டியோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தார்.

"ஒன்னரைன்னு யார் சொன்னா? அதுல இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்கு. கைய கழுவு, கிழங்கு போடறேன்."

அவள் தன் கைபேசியைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று முகங்களையும் பார்த்தாள். பிறகு உள்ளே வந்து பையைக் கீழே வைத்தாள்.

நால்வரும் உட்கார்ந்தார்கள். கிழங்கு மொறுமொறுவென்று இருந்தது. கோழிதான் குழம்போடு குழம்பாகக் கரைந்திருந்தது. பெரியவன் மூன்றாவது கரண்டியை ஊற்றிக்கொண்டு, இன்றைக்குக் கறி ரொம்ப மெத்தென்று இருக்கிறது என்று பாராட்டினான்.

"கடிகாரத்தை நாப்பது நிமிஷம் பின்னால தள்ளினா செருப்புகூட மெத்துன்னுதான்டா வேகும்."

"நாப்பதா?" என்றாள் மனைவி. "நான் இருபதுதானே வெச்சேன்."

பெரியவன் கை பாதி வழியில் நின்றது. "நீயுமாம்மா?"

முதலில் சிரித்தது சின்னவள்தான். புரையேறும் அளவுக்குச் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஒரு நல்ல கோழியைப் பாழாக்கிவிட்டார்கள் என்று சோற்றைப் பார்த்து முணுமுணுத்தார்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கிழங்குத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "அடுத்த ஞாயிறு எனக்கு டூட்டி ரெண்டு மணி வரைக்கும்ப்பா" என்றாள்.

அவர் வாயில் இருந்ததை மென்று விழுங்கினார்.

"மூணு மணிக்குச் சாப்பாடு" என்றார். பெரியவன் பக்கம் திரும்பினார். "நீ பன்னெண்டுக்கே வந்து பசிக்குதுன்னு என் உயிர வாங்காத."