சுழி திருப்பிய படகு

அண்ணை பருத்தித்துறையில் மீன்பிடிக்கிறவர். நான் பல்கலைக்கழகத்தில் கடல் நீரோட்டங்களை ஆராய்கிறவள். தென்மேற்கிலிருந்து வரும் சோளகக் காற்று பலமாக வீசிய ஒரு காலை, கடலிலிருந்து அண்ணிக்கு அழைத்தார். "எஞ்சின் நிண்டிட்டுது. வலையைத் தண்ணிக்குள்ளை விட்டுக் கட்டியிருக்கிறன். பயப்பிடாதை." அத்தோடு தொடர்பு அறுந்துவிட்டது. அடுத்த நாள் விடிந்தும் ஆளைக் காணவில்லை.

கரையில் மூன்று படகுகள் தேடப் புறப்படத் தயாராக நின்றன. "காத்தும் நீரோட்டமும் வடக்கை. வடகிழக்கைதான் போகவேணும்" என்றார் மீனவர் சங்கத் தலைவர்.

அவர் சொன்னது பெரும்பாலும் சரி. சோளகத்தில் ஒரு பெரிய நீரோட்டம் இலங்கையின் தெற்கைச் சுற்றி வந்து, வங்காள விரிகுடாவுக்குள் வடக்கு நோக்கி நுழையும். ஆனால் அதன் இடப்புறத்தில், கரைக்கும் அதற்கும் இடையே, ஒரு மாவட்டத்தைவிடப் பெரிதாக, ஒரு சுழி மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். அது பெருத்தால் நீரோட்டத்தைக் கிழக்கே ஒதுக்கிவிட்டு, கரைப்பக்கத் தண்ணீரைத் தெற்கே இழுக்கும். என் மடிக்கணினியில் இருந்த செய்மதிப் படத்தில் சுழி பெருத்து, வழக்கத்தைவிட வடக்கே ஏறி நின்றது. படமோ மூன்று நாள் பழையது. அண்ணியின் முகத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறந்தேன்.

"ஐயா, ஒரு படகு தெற்கை, முல்லைத்தீவுப் பக்கம் போகட்டும்."

"காத்துக்கு எதிராயோ, பிள்ளை?"

"வலை தண்ணிக்குள்ளை கிடக்கெல்லோ. படகைக் காத்து இழுக்காது, தண்ணிதான் இழுக்கும். கரைப்பக்கத் தண்ணி இப்ப ஒரு சுழியாலை தெற்கை ஓடுது."

அவர் ஒரு படகின் கயிற்றை அவிழ்த்தார். "ஓம், அது சரி" என்று சொல்லி, தானே அந்தப் படகில் ஏறினார்.

அன்று முழுக்க அந்தப் படத்தையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். நான் சொன்னது பிழையென்றால் தேடுகிற மூன்று படகுகளில் ஒன்றை வீணாக்கியவளாவேன். அண்ணி என் கையை விடவில்லை.

பின்னேரம் தலைவரின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அண்ணை. தலைவரின் படகு கொண்டுவந்து சேர்த்த முல்லைத்தீவுக் கரையிலிருந்து கதைத்தார்.

"தண்ணி என்னைத் தெற்கை கொண்டு போகுது எண்டு நேற்றே விளங்கிட்டுது. ஆனா எல்லாரும் வடக்கைதான் தேடுவினம் எண்டுதான் பயந்தனான்."

அண்ணி தொலைபேசியைப் பறித்து அவரைத் திட்டத் தொடங்கினார். நான் மணலில் உட்கார்ந்து, மூச்சு வாங்க வாங்கச் சிரித்தேன்.